எல்லா விளக்கும் ஒன்றாகச் சிமிட்டும்போது

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்தில் 70 கணினிகளும் மூன்று மேனேஜ்டு சுவிட்சுகளும் உள்ளன. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சுவிட்சுகளின் எல்லா விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டத் தொடங்குகின்றன. அதன்பின் எந்தக் கணினிக்கும் நெட்வொர்க் கிடைப்பதில்லை. பிராட்காஸ்ட் மிகுந்துவிட்டதாகவும், பிராட்காஸ்ட்டுக்கு வரம்பிடும் ஸ்டார்ம் கன்ட்ரோலை 1 சதவீதத்தில் வைக்கும்படியும் ஒரு பொறியாளர் கூறினார். அது போதுமா? கணினிகள் நெட்வொர்க்கில் சேரத் தாமதமானதால், கேபிள் வளையங்களைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை முன்பே நிறுத்திவிட்டோம்.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் தொல்லையின் வேர் இருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டிய பிராட்காஸ்ட் பாக்கெட்டை, அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் சுவிட்ச் அனுப்பிவிடும். ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் குறைந்துகொண்டே வந்து, தீர்ந்ததும் பாக்கெட்டை நீக்கவைக்கும் டிடிஎல் எண் உண்டு; சுவிட்ச் கையாளும் ஈதர்நெட் பிரேமில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே, கேபிள்கள் எங்காவது வளையமாக இணைந்துவிட்டால், ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோரிடமும் கேட்கும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்விகூட அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று பிரதியெடுக்கப்பட்டு, சில நொடிகளில் லைன் முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுப்பதற்காகவே, டிஇசி கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீயை வகுத்தார். தாமதம்தான் இடைஞ்சல் என்றால், அதை மீண்டும் இயக்கிவிட்டு, கணினிகள் செருகப்பட்ட போர்ட்டுகளில் மட்டும் போர்ட்பாஸ்ட்டை அமையுங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயின் 30 நொடிக் காத்திருப்பு அந்தப் போர்ட்டுகளில் இராது, பாதுகாப்பும் போகாது. பிபிடியு எனும் ஸ்பானிங் ட்ரீ பாக்கெட் வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டையும் அதே போர்ட்டுகளில் சேர்த்துவிடுங்கள்.

அப்படியானால் ஸ்டார்ம் கன்ட்ரோல் எதற்கு? நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில், மேசைக்கு அடியில் யாரோ வைத்திருந்த ஐந்து போர்ட் மலிவு சுவிட்ச் ஒன்றில், தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் இரு முனைகளையும் பெருக்க வந்தவர் ஒழுங்காக இருக்கட்டும் என்று செருகிவைத்திருந்தார். அத்தகைய சிறிய சுவிட்சுகளுக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. அவற்றில் சில, பெரிய சுவிட்ச் அனுப்பும் பிபிடியு பாக்கெட்டையும் விழுங்கிவிடும். அது திரும்பி வராதபோது, வளையம் இருப்பதைப் பெரிய சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ அறிய வழியில்லை. அந்த நேரத்தில் நெட்வொர்க்கைக் காப்பது ஸ்டார்ம் கன்ட்ரோல்தான். அதனால் அது கட்டாயம் வேண்டும் என்பேன்.

ஆனால் 1 சதவீதம் என்ற அளவை நான் ஏற்கவில்லை. ஒரு கிகாபிட் போர்ட்டில், ஏஆர்பி போன்ற மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம் வரை செல்ல முடியும். அதில் 1 சதவீதம் என்பது நொடிக்கு 14,880 பாக்கெட்டுகள். அத்தனையையும் உங்கள் 70 கணினிகளில் ஒவ்வொன்றும் வாங்கிப் பார்த்தாக வேண்டும். ஆகவே சுவிட்ச் இடம்கொடுத்தால், வரம்பைச் சதவீதத்தில் குறிக்காமல் நொடிக்கு இத்தனை பாக்கெட்டுகள் என்று குறியுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், குறிப்பாகக் காலையில் எல்லாக் கணினிகளும் ஒருசேர இயக்கப்படும் வேளையில், ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வரும் பிராட்காஸ்ட் எண்ணிக்கையைக் கவனித்து எழுதிவையுங்கள். உச்ச எண்ணிக்கை நொடிக்கு 80 என்றால், 400 அளவில் வரம்பு வைக்கலாம். உச்சத்தை ஒட்டியே வைத்தால், வரம்பைத் தாண்டும் பொழுதில் ஏஆர்பியும், கணினிகளுக்கு முகவரி தரும் டிஹெச்சிபியும் சேர்ந்து உதிர்ந்து, முகவரி கிடைக்காத கணினிகள் புதிய புகாராக வந்து நிற்கும். சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் போர்ட்டில் இந்தச் சிறிய வரம்பை வைக்க வேண்டாம். அங்கே பல கணினிகளின் பிராட்காஸ்ட் சேர்ந்து வருவது இயல்பு.

வரம்பு மீறினால் மிகுதியை உதிர்ப்பதோடு நிறுத்தலாம், அல்லது போர்ட்டையே மூடலாம். கணினி போர்ட்டுகளை மூடிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில், உதிர்த்துக்கொண்டே இருந்தால் வளையம் யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சிஸ்கோ சுவிட்சுகளில் இப்படி மூடப்பட்ட போர்ட் எர்-டிசேபிள்டு என்று காட்டும். தானாக மீளும் வசதியை இயக்கினால் வழக்கமாக 300 நொடிக்குப் பிறகு திறக்கும்.

அடுத்த முறை விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டினால், உடனே மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். முதலில் சுவிட்சின் நிகழ்வுப் பதிவான லாக்கைப் பாருங்கள். ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) இரண்டு போர்ட்டுகளுக்கிடையே மாறி மாறித் தாவுவதாகச் செய்தி இருக்கும். பல முகவரிகள் எந்தப் போர்ட்டை நோக்கித் தாவுகின்றனவோ, அந்தப் போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே மேசை வரை செல்லுங்கள்.

கேள்வி: நெட்வொர்க்கை அறைவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாக, அதாவது விலான்களாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?
— அதே வாசகர்

பதில்: தீராது, சுருங்கும். ஓர் அறையின் பிராட்காஸ்ட் மற்ற அறைக்குப் போகாது. ஆயினும் வளையம் உள்ள அறை முடங்கும், சுவிட்சுகளுக்கிடையே உள்ள பொதுக் கேபிளும் அந்த வெள்ளத்தால் நிரம்பக்கூடும். ஆகவே முதலில் ஸ்பானிங் ட்ரீ, அடுத்து ஸ்டார்ம் கன்ட்ரோல், அதன் பிறகு விலான் என்ற வரிசையில் செய்யுங்கள்.