பழைய காருக்கு என்ன விலை சொல்லலாம்? கேள்வி பதில்

கேள்வி: 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஒரே ஓனர், 62,000 கிலோமீட்டர். எவ்வளவு சொல்லலாம்?

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் அதே வருடம், அதே வேரியன்ட்டில் ஏழெட்டு விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று தள்ளிவிடுங்கள். மிச்சமும் சொல்கிற விலைதான், கைக்கு வருகிற விலை இல்லை. மூன்று வாரமாக ஒரு விளம்பரம் அப்படியே கிடந்தால் அந்த விலைக்கு ஆள் வரவில்லை.

அப்புறம் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23ஆவது வாரம் செய்தது, அதாவது வண்டியோடு வந்த டயர். வாங்க வருபவர் நாலு டயர் காசைக் கழித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். நீங்கள் வாங்கப் போகும்போது இதையே திருப்பியும் பார்க்கலாம்: மீட்டர் 25,000 காட்டுகிறது, டயர் நாலும் புதுசு என்றால், ஏன் மாற்றினார்கள்? மீட்டரைக் குறைத்து வைத்தார்களா? சர்வீஸ் பில்லைக் கேளுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸில் ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 4.10 லட்சம். அதுதானே விலை?

பதில்: இல்லை. வண்டி திருடுபோனால், மொத்தமாக நொறுங்கினால் கம்பெனி தருகிற தொகைக்கு அது வரம்பு. புது வண்டி விலையில் 6 மாதத்துக்குள் 5 சதவீதம், 1 வருடத்துக்குள் 15 என்று ஏறி, 5ஆவது வருடத்தில் 50 கழிப்பார்கள். இன்னோவாவுக்கும் அதே கணக்கு, யாரும் சீண்டாத மாடலுக்கும் அதே கணக்கு. சந்தையில் அப்படியா?

கேள்வி: டெல்லி டீசல் வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே?

பதில்: 10 வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை போட்டதிலிருந்தே அப்படித்தான். என்ஓசி (அங்கத்திய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டின் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சல்லிசா என்று சொல்லுங்கள்.

கேள்வி: சென்னை வண்டி. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு இருந்தால் விலையே பேசாமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: ஐடிவி 3.20 லட்சம். அந்த விலைக்கே...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: சேலத்தில் புரோக்கர் 15,000 கூடத் தருகிறார். ஆர்சி (பதிவுச் சான்று) இப்போதைக்கு என் பெயரிலேயே இருக்கட்டும், வண்டியை ஒப்படைத்ததாக டெலிவரி நோட் மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.

பதில்: வேண்டாம். விற்ற 14 நாளுக்குள், வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29 ஆர்டிஓ ஆபீசுக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்மை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர்: சும்மா பயமுறுத்தாதீங்க சார். இருபது வருடமாக டெலிவரி நோட்டில்தான் விற்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

பதில்: 2007-இல் ஒருவர் விற்ற கார் கைமாறிக் கைமாறிப் போய் 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் முதல் ஆளின் பெயரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் 15,000 அதற்குப் போதுமா?

அவரே: அது எங்கேயோ நடந்தது. வாங்கினவன் மாற்றாமல் இருந்தால் நான் என்ன செய்ய?

பதில்: நீங்கள் கடைசியாக விற்ற வண்டியின் நம்பரை எம்பரிவாகனில் (அரசின் வாகன விவர ஆப்) போட்டுப் பாருங்கள். காத்திருக்கிறேன்.

கேள்வி: ஐடிவி...

பதில்: ஐயா, மேலே.

அவரே: பார்த்தேன். போன வருடம் விற்றது. இன்னும் என் பெயர்தான் காட்டுகிறது. ஸ்பீடு ஃபைன் இரண்டு.

பதில்: ஃபார்ம் 29 நகல் இருக்கிறதா? இருந்தால் நாளைக் காலையிலேயே ஆர்டிஓ ஆபீஸ் போங்கள். இல்லையென்றால் முதலில் அந்தப் புரோக்கரைப் பிடியுங்கள்.