பாம்பன் காற்றும் மார்க்கர் பட்டையும்

கேள்வி: பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்டுப்படகுகளை ஆல்கஹால் மார்க்கரில் வரைகிறேன். கடல் பட்டை பட்டையாக வருகிறது. நிழலுக்குக் கறுப்பு போட்டால் அழுக்காகத் தெரிகிறது. தாளின் பின்பக்கமும் ஊறிவிடுகிறது. என்ன செய்யலாம்? – கல்லூரி மாணவி, மண்டபம்

பட்டை விழுவதில் உங்கள் கையைவிடப் பாம்பன் காற்றுக்குத்தான் பங்கு அதிகம். ஆல்கஹால் ஆவியானதும் இந்த மை காய்ந்துவிடும். ஒரு கோட்டின் ஓரம் காய்ந்த பிறகு அடுத்த கோடு அதன்மேல் ஏறினால், ஏறிய இடம் மட்டும் இரண்டு பூச்சு வாங்கி அடர்ந்து நிற்கும். அதனால் கரையில் கோட்டுப்படம் மட்டும் போடுங்கள். நிறங்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பூசுங்கள்.

கடலுக்கு ஒரே குடும்பத்து நீலத்தில் வெளிர், நடு, அடர் என மூன்று போதும். முதலில் வெளிர் நிறத்தை நிறுத்தாமல் பூசுங்கள், ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த கோடு சேர வேண்டும். அது காய்வதற்குள் ஆழமான பக்கத்திலிருந்து நடுநிறத்தை இழுத்து, முடிவில் நுனியை லேசாகத் தூக்குங்கள். இரண்டும் சேரும் இடத்தில் திரும்பவும் வெளிர் மார்க்கரால் தேயுங்கள்; எல்லைக்கோடு கரைந்துவிடும். அப்புறம் இதேபோல் அடர்நிறம். பெரிய பரப்பென்றால் அலைக்கோட்டை எல்லையாக வைத்துப் பகுதி பகுதியாக முடிக்கலாம். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், அதே தாளில் தீட்டிப் பார்த்து ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிழல். கறுப்பு எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு வையுங்கள். நீலப் படகென்றால் முதல் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் நிழல் பக்கத்தில் அதே நீலத்தை மறுபடி பூசுங்கள். ஒரே மார்க்கரில் ஒரு படி அடர்த்தி கிடைத்துவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் நீலச்சாயல் கொண்ட சாம்பல். மணலில் விழும் நிழலுக்கு, காய்ந்த மணல் நிறத்தின்மேல் வெளிர் ஊதா பூசிப் பாருங்கள். மஞ்சளும் ஊதாவும் எதிர்நிறங்கள், ஒன்றை ஒன்று மங்கவைக்கும்; அழுக்கில்லாத நிழல் வரும்.

நல்ல வெயிலில் படகின் அடிவயிற்றைக் கவனித்திருக்கிறீர்களா? மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே ஏறும். ஆகவே நிழல் பக்கம் கீழே போகப்போக அடர்ந்துகொண்டே போகாது. மணலுக்குச் சற்று மேலே மெல்லியதாக வெளிறும். அந்த இடத்தில் இரண்டாம் பூச்சைத் தவிர்த்தாலே படகுக்கு உருண்ட தோற்றம் வந்துவிடும். கறுப்புக்கு அங்கேதான் வேலை: படகு மணலைத் தொடும் கோட்டில், முடி அளவு.

தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். மார்க்கர் தாள் கிடைத்தால் நல்லது. சாதாரணத் தாளில் மை ஊறத்தான் செய்யும்; கனமான அட்டைகூட முழுக்கத் தடுக்காது. ஒரு பக்கம் மட்டும் வரையுங்கள், அடியில் கழிவுத் தாள் வையுங்கள். கோட்டுக்கு ஆல்கஹாலில் கரையாத நிறமி மை (pigment ink) பேனா எடுங்கள். பெர்மனன்ட் மார்க்கரில் கோடு போட்டால் ஆல்கஹால் பட்டதும் கரைந்து பரவும்.

நிறமில்லாத பிளெண்டர், அதாவது சாயம் இல்லாத மார்க்கர், அழிப்பான் ஆகாது. நிறத்தை ஓரத்துக்குத் தள்ளத்தான் அதனால் முடியும். எனவே அலைநுரைக்குத் தாளின் வெள்ளையை விட்டுவையுங்கள். சின்னச் சின்னத் தெறிப்பை எல்லாம் காய்ந்தபின் வெள்ளை ஜெல் பேனாவால் வைக்கலாம்.

இருமுனை மார்க்கர்களைப் படுக்கவைத்து வையுங்கள், நிறுத்திவைத்தால் மை ஒரு முனைக்கே இறங்கிவிடும். முடித்த படத்தை வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், சாய மை வெளுத்துவிடும்.