கடலைப் பறிகொடுத்த மீன்பிடி ஊர்

கேள்வி: நெதர்லாந்தில் உர்க் என்ற தீவு, கடலைத் தூர்த்ததால் கரையோடு சேர்ந்துவிட்டதாமே! அந்த ஊர் மீனவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம்?

பதில்: முதலில், தூர்க்கவில்லை. சுற்றிக் கரை போட்டு, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். குட்டையை இறைத்து மீன் அள்ளுவோமே, அதே வேலைதான். குட்டையின் அளவுதான் சுமார் 480 சதுர கிலோமீட்டர்!

அப்புறம், வரமா? உர்க்காரர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

உர்க் என்பது பனியாறுகள் விட்டுப்போன கெட்டிக் களிமண் மேடு. சுற்றியிருந்த இளகிய நிலத்தை ஸாய்டர்ஸே என்ற உள்கடல் தின்றுவிட, மேடு மட்டும் மிஞ்சியது. பக்கத்துத் தீவான ஸ்கொக்லாந்துக்கு அந்த உயரம் இல்லை. 1859இல் அரசே அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. உர்க் தப்பித்தது, வெள்ளத்திலிருந்து. பொறியாளர்களிடமிருந்து தப்பவில்லை.

உள்கடலை அடைக்கும் திட்டத்தைப் பொறியாளர் கொர்னேலிஸ் லேலி 1891இலேயே போட்டு வைத்திருந்தார். 1916 வெள்ளம் அதற்கு வழிவிட்டது. 1918இல் சட்டம், 1932 மே மாதம் 32 கிலோமீட்டர் அணை. உப்புக் கடல் நன்னீர் ஏரியாயிற்று. முட்டையிட உள்ளே வந்துகொண்டிருந்த ஹெர்ரிங்குக்கும் நெத்திலிக்கும் வாசல் சாத்தப்பட்டது. விலாங்கு மிஞ்சியது. அதை வைத்து ஊர் முழுக்கப் பிழைக்க முடியுமா?

அடுத்து, ஏரியின் ஒரு பகுதியை இறைக்கக் கரை போட்டார்கள். கரையோர ஊரான லெம்மர் பக்கத்திலிருந்து வந்த அந்தக் கரை 1939இல் உர்க்கைத் தொட்டது. தீவு தீவாக இல்லை. 1942இல் ஒரு பக்கம் முழுக்கத் தரை. அங்கே எழுந்த புது ஊருக்கு, காலி செய்த ஸ்கொக்லாந்தில் இருந்த கிராமத்தின் பெயரையே எடுத்து எம்மலோர்ட் என்று வைத்தார்கள். ஆளை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்!

சரி, உர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வலையைச் சுருட்டி வைக்கவில்லை. பெரிய படகுகளோடு வட கடலுக்குப் போனார்கள். இன்று படகு வேறு துறைமுகத்தில் நிற்கும். மீன் லாரியில் ஏறி உர்க் ஏலக்கூடத்துக்கு வரும். நாட்டின் பெரிய மீன் ஏலங்களில் அதுவும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று சர்ச்.

வரம் கிடைத்தவர்களைப் பார்க்க வேண்டுமா? இறைத்த நிலத்தில் பண்ணையைக் குத்தகைக்குக் கொடுக்க அரசு சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்த விவசாயிகளைப் போய்ப் பாருங்கள்.