சந்தையில் பழைய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஃபிலிம் கேமரா கிடைத்தால் எதைப் பார்த்து வாங்குவது? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தாராளமாக வாங்கலாம். 1966-ல் வந்த கேமரா. நிறைய ஒளியை உள்ளே விடும் இதன் 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸுக்காகவே கொடுக்கும் காசு தகும். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும், ஆனால் எப்போதும் 1/500 விநாடி வேகத்தில்தான். அதனால் 'கிளிக்' சத்தம் கேட்டதும் நல்ல கேமரா என்று நம்பிவிடாதீர்கள்.

ஃபிலிம் சுற்றும் நெம்புகோலை முழுதாக இழுங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் சிறிய ரப்பர் துண்டு மக்கிப்போயிருக்கும். அதை மாற்ற மேல்மூடியைக் கழற்ற வேண்டும். முதல் கேமராவிலேயே அந்த வேலை வேண்டாம். அப்புறம் செல்போன் டார்ச்சை லென்ஸில் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரிக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. என் கணக்கில் அதோடு பேச்சே கிடையாது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லேசான தூசி இருந்தால் படத்தில் தெரியாது.

பேட்டரி அறையில் பச்சை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 போதும். அது சிறியது என்பதால் இடைவெளிக்கு ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் காகிதம்.

பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பிசுபிசுவென்று உருகியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பல்குச்சியும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டுங்கள், ஒளி கசியாது.