பிள்ளையார் இல்லாத முறிகண்டி: யாரும் போடாத கோலங்கள் பற்றிய கேள்வி பதில்

இரசாயனக் கரைசலிலும் உயிர்க்கலத்திலும் யாரும் வரையாமலே புள்ளியும் வரியும் வளையமும் வருவதைப் பற்றிக் கதைத்தபோது வந்த கேள்விகள் இவை. நான் இரசாயனம் படிப்பித்து ஓய்ந்தவன். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: சேர், ஒரு துளி மையைத் தண்ணீரில் விட்டால் பரவிக் கலைந்துதான் போகிறது. பரவலே புள்ளிகளை உண்டாக்கும் என்கிறீர்கள். எப்படி?

பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்திருக்கிறீர், பிள்ளை. ஒரு பொருள் தனியே பரவினால் கலைந்துதான் போகும். 1952இல் அலன் ரூரிங் (கணினிக்கு அடித்தளம் போட்ட அதே ஆள்தான்) இரண்டு பொருள்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஒன்று தூண்டி. அது தன்னையும் பெருக்கும், தன் எதிரியையும் உண்டாக்கும். மற்றது தடுப்பி. தூண்டியை அடக்குவது அதன் வேலை. தடுப்பி தூண்டியைவிடக் கெதியாகப் பரவ வேண்டும். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஏ9 வீதியோரம் பிள்ளையார் கோயில் இருக்கும் முறிகண்டியை நினைத்துப் பாரும். ஒரு கச்சான் கடை ஓடினால் பக்கத்தில் இன்னொன்று வரும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அது தூண்டி, எட்டம் குறைவு. ஆனால் அங்கே கச்சான் வாங்கிய பஸ், அடுத்த பத்து மைலுக்குக் கச்சானுக்காக நிற்காது. அது தடுப்பி, பஸ்ஸின் வேகத்தில் தூரம் போகிறது. அதனால் கடைகள் வீதி நெடுகச் சமமாகப் பரவாமல் கொத்துக் கொத்தாக நிற்கும்.

உதாரணத்தில் ஓட்டை ஒன்று உண்டு. முறிகண்டியில் வாகனம் நிற்பது பிள்ளையாருக்காக. கரைசலில் பிள்ளையார் இல்லை. எங்கோ ஓரிடத்தில் தூண்டி தற்செயலாகக் கொஞ்சம் கூடினால் அதுவே கோயிலாகிவிடும். இடம் தற்செயல். ஆனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம் தற்செயல் இல்லை. தாக்கத்தின் வேகமும் பரவலின் வேகமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

இதைப் பரிசோதனையில் காட்ட 1990 வரை பொறுக்க வேண்டியிருந்தது. பிரான்சின் போர்தோவில் குளோரைற்று, அயடைட்டு, மலோனிக் அமிலக் கலவையை ஜெல்லுக்குள் வைத்துக் காட்டினார்கள். நிறம் தெரிவதற்காகப் போட்ட மாப்பொருளே, தூண்டியைப் பிடித்து வைத்து அதன் பரவலைக் குறைத்திருந்தது. நீங்கள் அயடீனோடு சோதிக்கிறீர்களே, அதே மாப்பொருள்தான்.

இரணைமடு, விவசாயி: கோடையில் குளம் வற்றினால் தரை வெடித்துக் கட்டம் கட்டமாகக் கிடக்கும். அதுவும் இதுதானோ?

இல்லை, ஐயா. களி காய்ந்து சுருங்கும்போது இழுவை தாங்காமல் வெடிக்கிறது. தானாக வரும் கோலம்தான், ஆனால் அங்கே தூண்டியும் இல்லை, தடுப்பியும் இல்லை. கண்ட கோலத்துக்கெல்லாம் ரூரிங்கைக் கூப்பிடும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

முல்லைத்தீவு, விஞ்ஞான ஆசிரியை: நிறம் மாறி மாறி வரும் அந்தத் தாக்கத்தை வகுப்பில் செய்யலாமா?

பெலூசோவ்–சபோட்டின்ஸ்கி தாக்கத்தைக் கேட்கிறீர்கள், ரீச்சர். 1951இல் சோவியத் விஞ்ஞானி பெலூசோவ் சித்திரிக் அமிலம், புரோமேற்று, சீரியம் கலந்தபோது மஞ்சள் வருவதும் போவதுமாக இருந்தது. எழுதி அனுப்பினார். நடக்காத காரியம் என்று சஞ்சிகை திருப்பிவிட்டது. 1961இல் சபோட்டின்ஸ்கி என்ற இளைஞர் அதை மீண்டும் கையில் எடுத்தார். 1980இல் இதற்கு லெனின் பரிசு கிடைத்தபோது பெலூசோவ் உயிரோடு இல்லை.

நிறம் எடுப்பாகத் தெரிய பெரோயின் என்ற காட்டியைப் போட்டு நான் முதல்முறை செய்தபோது, ஒரு மணித்தியாலம் பார்த்திருந்தும் சிவப்பு சிவப்பாகவே கிடந்தது. பொடியன்கள் சிரித்தார்கள். பிழை கிணற்றுத் தண்ணீரில். உவர்த் தண்ணீரின் குளோரைட்டு இந்தத் தாக்கத்தை நிறுத்திவிடும். அடுத்த முறை காய்ச்சி வடித்த நீர். பெரோயின் போட்ட சிவப்புப் படலத்தில் குண்டூசித் தலையளவு நீலம் ஒன்று தோன்றி, நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் வேகத்தில் வளையமாக விரிந்தது. அதன் நடுவில் மறுபடியும் ஒரு நீலம். குளத்து அலைகள் ஒன்றையொன்று கடந்து போகும். இந்த வளையங்கள் முட்டிய இடத்திலேயே இரண்டும் அழிந்தன. இரு பக்கத்தாலும் வந்த காட்டுத்தீ சந்தித்தால் எரிய மிச்சம் இராதே, அப்படி.

செய்யலாம். ஆனால் புரோமேற்று நஞ்சு, புரோமின் ஆவியும் வரும். யன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டு நீங்களே செய்யுங்கள். பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கட்டும்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவன்: ஒழுங்கு தானாக வருவது வெப்பஇயக்கவியலின் இரண்டாம் விதிக்கு மாறில்லையா?

இல்லை, தம்பி. குப்பி விளக்கின் சுடர் மண்ணெண்ணெய் இருக்கும் வரை ஒரே வடிவில் நிற்கிறது. மொத்த எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, அந்த விதி சொல்வதுபோலக் கூடிக்கொண்டேதான் போகிறது, வடிவம் அந்தச் செலவில் நிற்கிறது. இப்படிச் செலவில் நிற்கும் அமைப்புகளை ஆராய்ந்த இலியா பிரிகோசினுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. என் கிண்ணத்து வளையங்களும் சரக்குத் தீர்ந்ததும் நின்றுவிட்டன.

மாங்குளம், தாதி: ஈகோலை பற்றீரியா சரி நடுவில் இரண்டாகப் பிரிகிறதே. நடு எதுவென்று அதற்கு யார் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது, தங்கச்சி. இரண்டு மூன்று மைக்ரோமீற்றர் நீளமான கலம். அதற்குள் மின்டி என்ற புரதம், கலத்தின் எரிபொருளான ஏரீபீயோடு சேர்ந்து ஒரு முனையின் மென்சவ்வில் ஒட்டும், தன் இனத்தையும் கூப்பிடும். பின்னால் மின்ஈ என்ற இன்னொரு புரதம் வந்து அதைக் கழற்றிவிடும். கழன்றது மறுமுனையில் போய்க் கூடும். மின்ஈ அங்கேயும் துரத்திப் போகும். போய் வர ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒளிரும் புரதத்தைப் பொருத்தி 1999இல் இதைக் கண்ணால் கண்டார்கள்.

யானைக் காவலுக்கு நிற்பவன் வயலின் இரண்டு முனைகளிலும் நின்று நின்று நடந்தால், காவல் மிகக் குறைவான இடம் நடுதான். மின்டியோடு ஒட்டித் திரியும் மின்சி என்ற புரதம், கலத்தை இரண்டாகப் பிரிக்கும் வளையத்தைக் கட்டவிடாது. காவல் குறைந்த நடுவில் மட்டும் வளையம் கட்டப்படும். 2008இல் கலத்தையே விட்டுவிட்டு, சுத்திகரித்த மின்டியையும் மின்ஈயையும் ஏரீபீயோடு தட்டையான கொழுப்புச் சவ்வில் விட்டார்கள். அங்கேயும் அலைகள் தாமாக ஓடின.

ஒட்டுசுட்டான், வாசகர்: காட்டுச் சிறுத்தையின் புள்ளியும் இப்படித்தானா?

அந்தக் குடும்பத்து வீட்டுப் பூனையில் பார்த்திருக்கிறார்கள். மயிர் முளைக்கும் முன்பே, கருவின் தோலில் டிகேகே4 என்ற மரபணு வேலை செய்யும் இடங்கள் வரி வரியாகப் பிரிந்துவிடுவதை 2021இல் காட்டினார்கள். நிறம் பிறகுதான் வருகிறது. ரூரிங்கின் கணக்கில் இன்னொரு வேடிக்கை: அகன்ற பரப்பில் புள்ளியாக வருவது, ஒடுங்கிய வாலில் வளையமாக மாறும். புள்ளி உடம்புக்கு வரி வால் வரலாம், வரி உடம்புக்குப் புள்ளி வால் வரக்கூடாது. அப்படி ஒரு மிருகத்தைக் காட்டில் கண்டால் எனக்கு அறிவியுங்கள்.