இலவச ஆபரேஷனுக்குக் கடன் வாங்குபவர்கள் ஊதாரிகளா?

அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம், காப்பீட்டு அட்டையும் இருக்கிறது, அப்புறமும் கடன் வாங்குபவர்கள் ஊதாரிகள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரும் இதுவரை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை என்று நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

நான் விசைத்தறி ஓட்டுபவன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போரம் முறிந்தது. 108 வந்து ஏற்றிக்கொண்டு போனது. சர்க்கரை 340 இருந்ததால் அது இறங்கும் வரை கத்தி வைக்க முடியாது என்றார்கள். ஒன்பது நாள் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டபடி கிடந்தார். பத்தாம் நாள் பிளேட்டு வைத்தார்கள். முதல்வர் காப்பீட்டில் வந்ததால் ஒரு ரூபாய் வாங்கவில்லை. உடனே அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த டாக்டரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது. மனைவி உள்ளே, நான் வெளியே மரத்தடியில். ரத்தத்துக்கு ஆள் பிடிக்க, பரிசோதனைச் சீட்டோடு ஓட ஒருவன் வேண்டுமே. தங்கையைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள், அவள் கைக்குழந்தைக்காரி.

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் மனைவி எழுதிய கணக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது. 24 நாள் வேலைக்குப் போகாமல் இழந்த என் கூலி 16,800. அவள் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றும் கூலி 8,400. இருவர் சாப்பாடு 4,800. பஸ், ஆட்டோ 3,000. டயப்பர் 2,200. வாக்கர் 1,300. வீடு திரும்பக் கார் 2,500. கொண்டுவர 108 உண்டு, திரும்பிப் போக நம் பாடு. மொத்தம் 39,000. இதில் ஊதாரித்தனம் எந்த வரி என்று காட்டுங்கள்.

நர்சிங் படிக்கும் மகள் தன் பாடத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2015இல் சொன்ன கணக்கு: உலகில் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் ஆபரேஷன் கட்டணத்தால் நிலைகுலைகிறார்கள். போக்குவரத்து, சாப்பாடு போன்ற மருத்துவம் சாராத செலவால் மேலும் 4.8 கோடி. எங்கள் காலண்டர் தாள் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறது.

பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன். முன்பணம் தீரும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நூல் விலை ஏறிவிட்டது என்று கூலியைக் குறைத்தார்கள். நூல் விலை இறங்கியது. குறைத்த கூலி குறைத்ததாகவே இருக்கிறது. கேட்டால், முன்பணத்தைக் கட்டிவிட்டுப் பேசு என்கிறார். இன்னும் 11,000 பாக்கி.

அம்மா இப்போது தடியூன்றி ரேஷன் கடை வரை போய் வருகிறார். இதைப் படிப்பவர்கள் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், திரும்பிப் போகும் வண்டிக்கு நாலு நாள் முன்பே ஊர்க்காரர் யாரிடமாவது பேசி வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய்க் கேட்டால், அவர்கள் சொல்வதுதான் வாடகை.