பழைய ஃபிளாய்ட் ரோஸ் கிட்டார் வாங்கலாமா? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி லாக்கிங் ட்ரெமோலோ (கம்பிகளை இரு முனையிலும் பூட்டி, பார் என்கிற கைப்பிடியை அழுத்தியும் இழுத்தும் சுருதியை ஆட்ட உதவும் அமைப்பு) உள்ள எலக்ட்ரிக் கிட்டாரை செகண்ட் ஹேண்டில் வாங்குவது பற்றி வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் சீனியர் ஒருவர் தன் ஐபனெஸ் கம்பெனி ஆர்ஜி மாடல் கிட்டாரை விற்கிறார். "ஃபிளாய்ட் ரோஸ் வெச்சது" என்கிறார். நேரில் போனால் முதலில் எதைப் பார்க்கணும்?

பிரிட்ஜைப் பாருங்கள் தம்பி, உடம்பின் மேல் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாகம் அது. பெயின்ட், பிக்கப், பிராண்டு எல்லாம் அப்புறம்.

அந்த பிரிட்ஜ் உடம்பில் திருகி இறுக்கப்பட்டதல்ல. இரண்டு குட்டைத் தூண்கள் மேல் சாய்ந்து நிற்கிறது. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்க, பின்பக்கக் குழிக்குள் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்க, நடுவில் சமநிலையில் இருக்கிறது. தூணைத் தொடும் இடத்தில் பிரிட்ஜின் தகடு கத்தி மாதிரி சீவப்பட்டிருக்கும். நைஃப் எட்ஜ் என்று சொல்வது அதைத்தான். பாரை அழுத்தி விட்டால் பிரிட்ஜ் அந்த விளிம்பில் சாய்ந்து, பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். விளிம்பு மழுங்கினாலோ, தூணில் பள்ளம் விழுந்தாலோ, பாதியில் சிக்கி நின்றுவிடும்.

சோதனை இப்படி. நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைப் பூட்டும் பாகம்) பூட்டி, ஃபைன் டியூனரால் (பிரிட்ஜில் உள்ள சின்னச் சுருதித் திருகுகள்) சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பிகள் தொளதொளவென்று ஆகும்வரை பாரை அழுத்தி, மெதுவாக விடுங்கள். சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஆறு கம்பியையும் பாருங்கள். அடுத்து பாரை மேலே இழுத்து விட்டு, மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றால் பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது.

நிற்கவில்லை என்றால், எந்தப் பக்கம் போனது என்று கவனியுங்கள். அழுத்தி விட்டதும் ஆறு கம்பியும் சேர்ந்து இறங்கி, இழுத்து விட்டதும் சேர்ந்து ஏறினால் கோளாறு நைஃப் எட்ஜிலோ தூணிலோதான். நேர்மாறாக, அழுத்தி விட்டதும் ஏதோ ஒரு கம்பி மட்டும் ஏறி, இழுத்து விட்டதும் இறங்கினால் நட்டில் அந்தக் கம்பி நழுவுகிறது. சந்தேகமிருந்தால் நட்டின் இரண்டு ஓரத்திலும் கம்பி மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பாரை நாலு முறை ஆட்டிய பிறகு புள்ளி நகர்ந்திருந்தால் நட்டுதான். அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது. நட்டின் பிடிக்கட்டையில் கம்பி பள்ளம் பறித்திருக்கும், கட்டையைத் திருப்பிப் போட்டாலே பல சமயம் போதும். நைஃப் எட்ஜ் போயிருந்தால் தகட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கம்பி புதிதாக இருந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அது இழுபட்டு அடங்கும்வரை எப்படியும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று. ஐபனெஸில் இருப்பது பெரும்பாலும் அவர்களுக்கென்றே செய்த எட்ஜ் வகை. பிரிட்ஜில் பெயர் பொறித்திருக்கும். எட்ஜ், லோ-ப்ரோ எட்ஜ், எட்ஜ் ஜீரோ என்றால் தைரியமாகப் போங்கள். எட்ஜ் 3 என்றால் விலை நன்றாக இறங்கினால் ஒழிய நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

சத்துவாச்சாரி: ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறேன். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில சமயம் தடித்த ஆறாவது கம்பியை டி சுருதிக்கு இறக்க வேண்டி வரும். இந்த கிட்டார் ஒத்துவருமா பிரதர்?

வேண்டாம் பிரதர். சமநிலையில் நிற்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறிவிடும். அதுவும் நட்டைத் திறக்காமல் அவ்வளவு தூரம் இறக்க முடியாது. ஆராதனை நடுவில் ஒரு கம்பி அறுந்தால் இன்னும் மோசம், ஸ்பிரிங் இழுப்பு ஜெயித்து மொத்த கிட்டாரும் சுருதி விலகிப்போகும். மாற்று கிட்டார் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பாட்டு அவ்வளவுதான். கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுவதில் மட்டும் பிரச்சினை இல்லை.

கிட்டாரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு வழி உண்டு. பின்பக்கக் குழியில் ட்ரெமோலோ பிளாக்குக்கும் (பிரிட்ஜுக்கு அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டும் உலோகக் கட்டை) மரத்துக்கும் நடுவே அளவாகச் சீவிய மரத்துண்டைச் செருகிவிடுங்கள். பார் கீழே மட்டும்தான் போகும், ஆனால் கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. பிரிட்ஜ் மேலே போகாதபடி இப்படித் தடுத்த பிறகு டி-ட்யூனா என்கிற சின்னக் கருவியை ஆறாவது கம்பியில் மாட்டினால் ஒரே இழுப்பில் டி-க்கு இறங்கும்.

ராணிப்பேட்டை: ஒரிஜினல், 1000, ஸ்பெஷல், லைசென்ஸ்டு என்று விற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

ஃபிளாய்ட் ரோஸ் என்பது இதைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர். 1970-களின் கடைசியில் செய்தார், காப்புரிமை 1979-இல் கிடைத்தது. எடி வான் ஹேலன் ஆரம்பத்திலேயே எடுத்து வாசித்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

ஒரிஜினல் ஜெர்மனியில் செய்வது, எஃகுத் தகடு கடினமாக்கப்பட்டது. 1000 என்பது அதே வடிவமைப்பில் கொரியாவில் செய்வது, என் கணக்கில் காசுக்கு நியாயமான பொருள் அதுதான். ஸ்பெஷலில் கம்பி உட்காரும் சேடிலும் பிளாக்கும் துத்தநாகக் கலவை. கம்பியைப் பூட்டும் திருகை வேகமாக இறுக்கினால் சேடில் விரிசல் விடும். லைசென்ஸ்டு என்பதில் தரம் பற்றிய உத்தரவாதம் எதுவும் இல்லை, காப்புரிமைக்கு அனுமதி வாங்கிச் செய்தது என்று மட்டுமே அர்த்தம். ஜப்பானின் கோட்டோ செய்வது முதல் தரம். பெயரே இல்லாத மலிவுப் பொருளும் அதே வார்த்தையைப் பொறித்துக்கொண்டு வரும்.

கையில் சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பிரிட்ஜின் அடித்தகட்டில் ஒட்டினால் எஃகு. ஒட்டவில்லை என்றால் அது வார்த்தெடுத்த மலிவு உலோகம், அந்த நைஃப் எட்ஜ் நாளாக நாளாக மழுங்கத்தான் செய்யும்.

ஆம்பூர்: விற்பவர் பெங்களூரில் இருக்கிறார். போட்டோ அனுப்புகிறேன் என்கிறார். எதையெல்லாம் கேட்கட்டும்?

பின்மூடியைக் கழற்றிய ஒரு படம். இரண்டு தூண்களும் மரத்தில் இறங்கும் இடம், மிகக் கிட்டத்தில். நட்டுக்குப் பின்னால் கழுத்து. அப்புறம் டியூனர் தெரியும்படி பாரை அழுத்தி விடும் ஒரு வீடியோ.

தூண் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பிகளின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு தூண்கள்தான். பாஸ்வுட் போன்ற மென்மையான மரத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாயும். தூணிலிருந்து பிக்கப் பக்கம் மயிரிழை போல ஒரு கோடு ஓடினால், "பெயின்ட்தான் விரிஞ்சிருக்கு" என்று அவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள். பாகங்களை மாற்றலாம், மரம் பிளந்தால் செலவு கிட்டார் விலையைத் தொட்டுவிடும். நட்டுக்குப் பின்னால் கழுத்தில் விரிசல் இருந்தாலும் அப்படித்தான்.

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு நேர் ரயில் இருக்கிறது. காலையில் போய் ராத்திரி திரும்பலாம். பணத்தை முன்கூட்டி அனுப்புவதைவிட அது மேல். 3 மி.மீ. ஆலன் கீ, டியூனர், மார்க்கர், காந்தம், போன் டார்ச் போதும். ஆலன் கீயை கம்பியைப் பூட்டும் ஒவ்வொரு திருகிலும் செருகிப் பாருங்கள். தலை தேய்ந்து சாவி சுழன்றால் விலையில் குறையுங்கள்.

ஆற்காடு: கத்திரி வெயிலில் எங்கள் வீடு அடுப்பாகிவிடும், ஏசி இல்லை. சுருதி நிற்குமா?

பூட்டிய நட்டு கம்பி நழுவுவதைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. சூட்டில் கம்பி விரிந்து சுருதி இறங்கும். ஐப்பசி மழை பிடித்தால் ஈரத்தில் கழுத்து மரம் வளையும். அதனால் பூட்டும்போது ஃபைன் டியூனர்களைப் பாதித் திருகலில் வையுங்கள், இரண்டு பக்கமும் இடம் இருக்கும். நம் ஊருக்கு இதைவிடப் பெரிய எதிரி வியர்வை. சேடில் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். வாசித்து முடித்ததும் துடையுங்கள், தூணும் விளிம்பும் சேரும் இடத்தில் எப்போதாவது ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

குடியாத்தம்: 9 கனத்துக் கம்பி செட் இருக்கிறது. அதைவிடத் தடித்த 10 போடலாமா?

போடலாம். ஆனால் இழுப்பு கூடுவதால் பிரிட்ஜ் முன்னால் எழும்பும். பின்னால் ஸ்பிரிங் கொக்கியின் இரண்டு திருகுகளையும் இறுக்கி மறுபடி மட்டமாக்க வேண்டும், கழுத்தில் மேலே போய் வாசித்தாலும் சுருதி சரியாக வருகிறதா என்றும் (இன்டொனேஷன்) பார்க்கணும். தூண் உயரத்தை மாற்றுவதானால் கம்பியைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். முழு இழுப்பில் திருகினால் நைஃப் எட்ஜ்தான் தேயும்.

பாகாயம், ஒரு தந்தை: பையனுக்கு 14 வயது, கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். இந்த வகைதான் வேண்டும் என்று பிடிவாதம். வாங்கித் தரலாமா சார்?

ஐயா, முதல் கிட்டாருக்கு இது சிரமம். ஒரு கம்பி மாற்றவே அரைமணி நேரம் ஆகும், பழகாத கையில் சலிப்பு வந்துவிடும். ஆனால் அவன் கேட்கும் இசையே அந்த வகை என்றால் ஆசையை மறுக்கவும் மனம் வராது. நல்ல பிரிட்ஜ் உள்ளதாக ஒன்றைப் பார்த்து வாங்கி, சத்துவாச்சாரி நண்பருக்குச் சொன்ன மாதிரி மரத்துண்டு செருகிக் கொடுங்கள். ஸ்கேலும் கார்டும் கையில் படிந்த பிறகு அவனே அதை உருவிக்கொள்ளலாம். வாங்கப் போகும்போது அவனுடைய ஆசிரியரையும் கூட அழைத்துப் போங்கள்.